எட்டா அழைப்பு

ஒருவர் நம்மைக் காண வருகின்றார். நாம் வீட்டில் இல்லை. வந்தவர் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு, அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் கூறிச் செல்கின்றார். மாலையில் நாம் திரும்பியதும், இன்னார் வந்தார், இன்னது கேட்டார் என்னும் செய்தி நமக்குக் கிட்டிவிடுகின்றது. கையொப்பம் பெற்றுக்கொண்டே கொடுக்கவேண்டிய அஞ்சலைக் கொணரும் அஞ்சற்காரரும், கதவு பூட்டியிருப்பின், அறிவிப்புச் சீட்டு ஒன்றை விட்டுச் செல்வதுண்டு. ஆளும் அஞ்சலும் இவ்வாறு தம் வருகைக்கு ஒரு சுவடு வைத்துச் செல்கின்றன. தொலைபேசியின் வழியே வரும் அழைப்போ அத்தன்மையது அன்று. அது மணியோசையாய் வருவது. ஓசை ஓய்ந்தவுடன் மறைவது. கேட்கும் செவி அருகில் இல்லையாயின், அது வந்தது என்பதற்கே இயல்பாகச் சான்று ஏதும் இல்லை.

இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. மணி ஒலித்தும் நாம் எடுக்காத அழைப்புகளை அக்கருவியே பட்டியலிட்டு, எண்ணையும் நேரத்தையும் காட்டி நிற்கின்றது. ஆதலின், எனக்கு வந்த அழைப்பு எதுவும் என் கைப்பேசிக்குத் தெரியாமற் போகாது எனப் பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மை, பாதி பிழை. கைப்பேசி அணைந்திருந்த வேளையிலும், அலை எட்டாத இடத்தில் இருந்த வேளையிலும் வந்த அழைப்பை அக்கருவி அறியாது. அறியாத ஒன்றை அது எங்ஙனம் எழுதி வைக்கும்? அத்தகைய அழைப்புக்குக் கணக்கு வைப்பார் யார், எவ்வாறு வைக்கின்றனர், அக்கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் சொல்லைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். மிஸ்டு கால் என உலக வழக்கில் வழங்குவதைத் 'தவறிய அழைப்பு' என்றும், 'தவறவிட்ட அழைப்பு' என்றும் தமிழில் எழுதுகின்றனர். தவறிய அழைப்பு என்னுமிடத்துத் தவறுதல் என்னும் வினை அழைப்பின்மேல் நிற்கின்றது. தவறவிட்ட அழைப்பு என்னுமிடத்து அவ்வினை கேட்கவேண்டியவர்மேல் நிற்கின்றது. நாம் கிணற்றடியில் இருக்க, கூடத்தில் மணி ஒலித்து ஓய்ந்ததாயின், அது தவறவிட்ட அழைப்பே. ஆனால் கருவி அணைந்து கிடந்தபொழுது வந்த அழைப்பு நம் வாயில்வரை வரவே இல்லை. வாராத ஒன்றை விடுவது யாங்ஙனம்? அதனை 'எட்டா அழைப்பு' என்றல் பொருந்தும். எட்டா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதை மாணவர் அறிவர்.

இலக்கணம் கற்பிக்கும் வேட்கையால் மட்டும் இவ்வேறுபாட்டைக் கூறினேன் அல்லேன். தவறவிட்ட அழைப்பின் கணக்கு நம் கையிலுள்ள கருவியில் இருக்கின்றது. எட்டா அழைப்பின் கணக்கு, இருக்குமாயின், தொலைபேசி நிறுவனத்தாரின் நிலையத்தில் இருக்கின்றது. இருவகையும் ஒரே பெயரால் வழங்குவதால், இரண்டுக்கும் கணக்கு ஓரிடத்தே உள்ளது என மயங்குவோர் பலர்.

இவ்விரண்டினும் வேறாக, வேண்டுமென்றே ஒரு முறை ஒலிக்கச் செய்து துண்டிக்கும் அழைப்பும் நம் நாட்டில் உண்டு. பேசும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் காசு சென்ற காலத்தில், ஊர் வந்து சேர்ந்தேன் என்பதையும், நீ என்னைக் கூப்பிடு என்பதையும் செலவின்றித் தெரிவிக்க மக்கள் கண்ட வழி அது. அது தவறிய அழைப்பு அன்று, தவறுவதற்கென்றே அனுப்பப்பெறுவது. அவர்தம் நுண்ணறிவை வியந்து, அதனை ஈண்டு விடுப்போம்.

அழைப்புக்குக் கணக்கு வைத்தல் என்பது கைப்பேசியோடு தோன்றிய கவலை அன்று. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். ஆறாண்டுகளுக்குள், 1882ஆம் ஆண்டிலேயே, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பெற்றன. அக்காலத்து நிலையம் மனிதரால் இயங்கியது. சந்தாதாரர் தம் கருவியின் கைப்பிடியைச் சுழற்றினால், நிலையத்துப் பலகையில் அவருக்குரிய சிறு தகடு ஒன்று விழும். அதனைக் கண்ட இயக்குநர், யாருடன் பேசவேண்டும் என வினவி, செருகு கயிற்றினால் இருவர் கம்பிகளையும் இணைப்பார். மறுமுனையில் எடுப்பார் இல்லையெனின், அதனை அழைத்தவருக்குத் தெரிவிப்பவரும் அவரே. சிற்றூர் நிலையங்களில், மருத்துவர் எத்தெருவுக்குச் சென்றுள்ளார், எப்பொழுது திரும்புவார் என்பனவற்றையும் அறிந்து கூறிய இயக்குநர்கள் இருந்தனர். எட்டா அழைப்பின் முதற் கணக்கேடு ஒரு மனிதரின் நினைவே எனலாம்.

அந்நினைவு எப்பொழுதும் நேர்மையாக இருந்ததா? அமெரிக்க நாட்டில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பார் ஒருவர் இருந்தார். இறந்தோர்க்கு ஈமக்கடன் ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். தம்மை நாடி வரும் அழைப்புகளைத் தொலைபேசி இயக்குநர் தம் போட்டியாளர்க்குத் திருப்பிவிடுவதாக அவர் ஐயுற்றார் என்பர். அவ்வையம் மெய்யோ பொய்யோ, அதன் விளைவு பெரிது. இடையில் மனிதர் இன்றித் தானே இணைப்புத் தரும் பொறி ஒன்றை அவர் வகுத்து, 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலேயே லா போர்ட்டு என்னும் ஊரில் அத்தகைய நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் தானியங்கி நிலையங்கள் பரவின. அழைப்பை மடைமாற்றும் கை ஒழிந்தது. ஆனால் அதனோடு, அழைப்பை நினைவில் வைத்திருந்த உள்ளமும் ஒழிந்தது. பொறி இணைக்கும், எடுப்பார் இல்லையெனில் ஓயும், ஓய்ந்தபின் ஒன்றையும் நினையாது. அன்று தொடங்கிய குறை அண்மைக்காலம்வரை நீடித்தது.

அக்குறையை நம் தெருக்கள் தமக்குரிய முறையில் தீர்த்துக்கொண்டன. யான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில், தொலைபேசி வேண்டிப் பதிவு செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே மிகுதி. அஃது உள்ள வீட்டாரின் எண்ணையே, பி.பி. என்னும் இரண்டெழுத்தை முன்னோ பின்னோ சேர்த்து, அண்டையில் உள்ளோர் அனைவரும் தம் எண்ணாகப் பிறர்க்குக் கொடுப்பர். திருமண அழைப்பிதழ்களிலும் அவ்வாறே அச்சிடுவர். எங்கள் தெருவில் அவ்வெண் மருந்துக்கடை ஒன்றினது. கடைக்காரர் தொலைபேசியின் அருகில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தார். அழைத்தவர் பெயர், அழைக்கப்பட்டவர் வீடு, செய்தி, நேரம் என நான்கு கட்டம் அதில் இருக்கும். செய்தி உரியவரைச் சேர்ந்தபின்னரே அவர் அவ்வரியை அழிப்பார். இன்றைய நிலையங்களில் உள்ள பெருங்கணிப்பொறிகள் செய்வது ஏறக்குறைய அச்சிலேட்டின் வேலையே. ஒரு வேறுபாடு உண்டு. துயரச் செய்தியாயின் கடைக்காரர் சிலேட்டில் எழுதமாட்டார். கடையைப் பையனிடம் ஒப்புவித்துத் தாமே வீடு தேடிச் செல்வார்.

மேனாட்டில் இதே குறையை நீக்க முயன்றவர் வால்டெமார் பவுல்சன் என்னும் டென்மார்க்கு நாட்டுப் பொறியாளர். உரியவர் இல்லாதபொழுது தொலைபேசியில் பேசப்படும் சொல்லைப் பிடித்து வைத்தற்கு ஒரு கருவி வேண்டும் என அவர் கருதினார். எஃகுக் கம்பியின்மேல் காந்த ஆற்றலால் குரலைப் பதிக்கும் டெலிகிராபோன் என்னும் கருவியை 1898ஆம் ஆண்டில் படைத்தார். 1900ஆம் ஆண்டு பாரிசு மாநகரக் கண்காட்சியில் அது காட்டப்பெற்றது. ஆஸ்திரிய நாட்டுப் பேரரசர் பிரான்சு யோசேப்பு அதில் பேசிய சில சொற்கள் இன்றளவும் அழியாமல் உள்ளன. இசை நாடாவும் வானொலி நாடாவும் பின்னர் இவ்வழியில் வந்தன. ஒலிப்பதிவுக் கலையின் ஒரு பெருங்கிளை, வீட்டில் இல்லாதவர்க்கு வந்த அழைப்பைக் காக்கும் கவலையிலிருந்து முளைத்தது என்பது வியப்பைத் தருவதாம்.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995ஆம் ஆண்டில் தொடங்கியது. கம்பியால் கட்டப்பட்ட தொலைபேசி எங்குள்ளது என்பதை நிலையம் தேடவேண்டியதில்லை. கம்பி சென்று முடியும் இடமே அதன் இடம். கைப்பேசியோ உடையவருடன் ஊர் ஊராய்த் திரிவது. அதனை அழைக்க வேண்டுமாயின், அஃது இப்பொழுது எப்பகுதியில் உள்ளது என்பதை நிலையம் அறிந்திருத்தல் வேண்டும். இதற்கென நிறுவனத்தார் ஒரு பதிவேடு வைத்துள்ளனர். பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் பலவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டு, இன்ன எண் இன்ன தொகுதியில் உள்ளது என அதில் குறிக்கப்பெறும். குறிப்பவர் எவரும் இல்லை. கைப்பேசியே குறிக்கச் செய்கின்றது. இயக்கியவுடன், இதோ உள்ளேன் என அஃது அருகிலுள்ள கோபுரத்துக்கு அறிவிக்கும். ஒரு தொகுதி விட்டு மற்றொன்றுக்குப் பெயர்ந்தால் மீண்டும் அறிவிக்கும். பெயராமல் ஓரிடத்தே கிடந்தாலும் குறித்த கால இடைவெளியில் தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கும். நம் சட்டைப்பையில் பேச்சற்றுக் கிடப்பதாகத் தோன்றும் அக்கருவி, உண்மையில் அவ்வப்பொழுது வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இட்டுக்கொண்டிருக்கின்றது.

அது விடைபெறும் முறையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. விசையை அழுத்திக் கைப்பேசியை முறையாக அணைக்குங்கால், அணைவதற்கு முன் இறுதியாக ஒரு குறிப்பை அஃது அனுப்புகின்றது. போய் வருகின்றேன் என்று சொல்லிச் செல்லும் விருந்தினரை ஒக்கும் இது. நிலையமும் பதிவேட்டில் அவ்வெண் அணைந்துள்ளது எனக் குறித்துக்கொள்ளும். ஆனால் மலைப்பாதையில் வண்டி ஒரு வளைவு திரும்பியதும் அலை அறுந்துபோகுமாயின், கைப்பேசி விடைபெறுவதற்கு வாய்ப்பில்லை. மின்கலத்தைச் சட்டெனக் கழற்றினாலும் அவ்வாறே. சொல்லாமற் சென்ற விருந்தினர் உள்ளே இருப்பதாகவே எண்ணி இலை போடும் வீட்டாரைப்போல, நிலையமும் அக்கருவி பழைய இடத்திலேயே உள்ளதாகக் கருதிக்கொண்டிருக்கும். வரவேண்டிய வேளையில் அடுத்த கையொப்பம் வாராது பொழுது மிகக் கழிந்த பின்னரே, அது நீங்கிற்று எனத் துணியும்.

இவ்வேறுபாட்டை அழைப்பவர் தம் செவியாலேயே ஓரளவு உணரலாம். முறையாக அணைக்கப்பெற்ற எண்ணை அழைத்தால், நிலையம் பதிவேட்டை நோக்கியவுடன், கைப்பேசி அணைக்கப்பட்டுள்ளது என்னும் விடை விரைவில் வரும். சொல்லாமல் நீங்கிய எண்ணாயின், நிலையம் அத்தொகுதியிலுள்ள கோபுரங்கள் எல்லாவற்றின் வாயிலாகவும் அக்கருவியைக் கூவி அழைத்து, சில நொடி காத்திருந்து, மறுமொழி இல்லையெனக் கண்டபின், தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார் எனக் கூறும். எண்ணை அழுத்திய பின் நிலவும் அச்சிறு மௌனம், நிலையம் தேடிக்கொண்டிருக்கும் நேரமாம். எனினும் இவ்வறிவிப்புகளை முற்றும் நம்பிவிடுதல் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் இவை வேறுபடும். மேலும், எல்லைக்குள் தான் இருப்பார். ஆழ்ந்த அடித்தளத்து அறையிலோ, மின்தூக்கியிலோ இருத்தல் கூடும். எடுக்க மனமின்றி அணைத்துவிட்டார் என அழைத்தவர் சினம் கொள்வதும், அதனால் உறவு கசப்பதும் நாம் காணாதன அல்ல.

எவ்வகையாயினும் அவ்வழைப்பு கைப்பேசியைச் சேரவில்லை. இனி அதன் கணக்கு எங்ஙனம் நமக்குக் கிட்டுகின்றது? எட்டாத அழைப்பைச் சில நிறுவனங்கள் உடனே ஒரு பொறிக்குத் திருப்பிவிடுகின்றன. அப்பொறி அழைத்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அக்குறிப்பைக் குறுஞ்செய்தியாக எழுதி வைக்கின்றது. குறுஞ்செய்தியை அனுப்பும் நிலையம் தபால் நிலையத்தைப்போலச் செய்தியைத் தேக்கி வைத்து அனுப்பும் இயல்பினது. 1992ஆம் ஆண்டு திசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பெற்ற காலந்தொட்டு, குரல் அழைப்புக்கு இல்லாத சிறப்பு அதற்கு உண்டு: பெறுபவர் அணைந்திருப்பினும் அது காத்திருக்கும். ஒருவர்க்குச் செய்தி காத்துக் கிடக்கின்றது என்னும் குறிப்பு அவரது பதிவேட்டிலும் இடப்பெறும். அவர் கைப்பேசியை இயக்கி, இதோ உள்ளேன் என அறிவித்த கணத்தில், பதிவேடு செய்தி நிலையத்தை எழுப்ப, காத்திருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. நீண்ட பயணம் முடித்துக் கைப்பேசியை இயக்கியவுடன் அது சிறிது நேரம் ஓயாது ஒலிப்பதன் காரணம் இதுவே.

இக்கணக்கேட்டுக்கும் எல்லை உண்டு. தேக்கி வைத்த செய்தி என்றென்றும் காத்திராது. நிறுவனம் வகுத்த காலம் கடந்தால் அது கழிக்கப்பெறும். ஒரே எண்ணிலிருந்து பன்முறை அழைப்பு வந்திருப்பின், இத்தனை முறை எனத் தொகுத்துக் கூறுவதும் உண்டாதலின், ஒவ்வொன்றின் நேரமும் கிட்டாமற் போகலாம். எண்ணை மறைத்து அழைத்தவர் எவர் எனப் புலப்படாது. வாட்சாப்பு முதலிய இணையச் செயலிகளின் வழியே வந்த அழைப்பைத் தொலைபேசி நிலையம் அறியாது. அச்செயலியாரின் கணிப்பொறியே அதற்குத் தனிக் கணக்கு வைத்திருந்து, நாம் இணையத்துக்கு மீண்டபின் காட்டும். இரண்டு சிம் அட்டை உள்ள கைப்பேசிகள் பலவற்றில், ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் மற்றொன்று எட்டாததாகிவிடும். அணைக்காமல், அலை நிறைந்த ஊரில், கையிலேயே வைத்திருந்தும் அழைப்பு எட்டாமற்போகும் விந்தை இதனால் நேர்கின்றது.

இத்தகைய அறிவிப்பு எல்லா நிறுவனத்தாரிடமும் ஒரே வகையாய் இல்லை. சிலர் கேளாமலே தருவர். சிலரிடம் கேட்டுப் பெறவேண்டும். தமக்கு அது உண்டோ இலதோ என்பதை அறிய மாணவர் ஓர் எளிய ஆய்வு செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள கைப்பேசியை முறையாக அணைத்துவிட்டு, மற்றொருவர் கைப்பேசியிலிருந்து அதனை இருமுறை அழைத்து, அழைத்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்க. கால்மணி நேரம் கழித்து இயக்குக. அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் அதில் ஒன்றும் இராது. குறுஞ்செய்தி வந்ததா, வந்ததாயின் அதிலுள்ள நேரம் தாளிலுள்ள நேரத்தோடு ஒக்கின்றதா என்பதை நோக்குக. குறுஞ்செய்தி வந்து சேர்ந்த நேரம் வேறு. அழைப்பு வந்த நேரம் வேறு. பலர் முன்னதைப் பின்னதாகக் கொண்டு, காலையில் வந்த அழைப்பை மாலையில் வந்ததாக எண்ணி மயங்குவர்.

எட்டாத வேளையில் தமக்கு வரும் அழைப்பு வேறோர் எண்ணுக்குச் செல்லுமாறு செய்துவைத்தலும் உண்டு. தந்தை வெளியூர் சென்றால் அவர்க்கு வரும் அழைப்பு தாயின் கைப்பேசிக்குச் செல்லுமாறு அமைக்கலாம். இது நல்ல முறையே. ஆனால் இதனையும் வஞ்சகர் தமக்குக் கருவி ஆக்கிக்கொண்டனர். நிறுவனத்தார்போலப் பேசி, சில குறிகளையும் ஓர் எண்ணையும் அழுத்துமாறு கூறுவர். அழுத்தியவரின் அழைப்புகள் யாவும் அன்றே வஞ்சகரின் எண்ணுக்குத் திரும்பிவிடும். வங்கியிலிருந்து வரும் கடவு எண்ணும் அவர் செவிக்கே செல்லும். இதனைத் தடுக்கும்பொருட்டு, குறிகளை அழுத்தி அழைப்பைத் திருப்பும் முறையை 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. வேண்டுவோர் வேறு வழியால் மீண்டும் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. ஸ்ட்ரோஜர் அஞ்சிய அதே மடைமாற்றம், மனிதக் கை நீங்கி நூறாண்டுக்கு மேல் ஆனபின், வேறு உருவில் திரும்பி வந்தது காண்க. அறியாத எண்ணிலிருந்து, அதுவும் அயல்நாட்டு எண்ணிலிருந்து, ஒரே முறை ஒலித்துத் துண்டிக்கும் அழைப்புக்கு விடையாகத் திரும்ப அழைத்துப் பெருங்கட்டணம் இழந்தோரும் உளர். எண் இன்னாருடையது எனத் தெளிந்த பின்னரே திரும்ப அழைத்தல் வேண்டும்.

இதுகாறும் பெறுபவர் பக்கம் நின்று பேசினோம். அழைப்பவர்க்கும் இதில் பங்கு உண்டு. அழைப்பு எட்டவில்லை எனக் கண்டவர் பத்து முறை திரும்பத் திரும்ப அழைப்பதினும், ஒரு குறுஞ்செய்தி விடுப்பது சாலச் சிறந்தது. அச்செய்தியில் பெயரும் பொருளும் இருத்தல் வேண்டும். உடனே கூப்பிடவும் என்று மட்டும் எழுதிவிடுவோர் பலர். பெறுபவர் நெஞ்சம் துணுக்குறுவதன்றி அதனால் விளையும் பயன் யாது? மருத்துவமனையில் குருதி வேண்டுமாயின், எந்த மருத்துவமனை, எவ்வகைக் குருதி, எத்தனை மணிக்குள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுதும் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகளே அளவு. மிகுந்தால் இரண்டாகப் பகுக்கப்படும். 'கி' என்னும் உயிர்மெய்யை நாம் ஓரெழுத்தாகக் கொள்ள, பொறி அதனைக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு எனக் கணக்கிடும். இவ்வெண்ணிக்கையோடு எனக்கு உடன்பாடு இல்லையெனினும், சுருங்கச் சொல்லிப் பழகுவதற்கு அது துணை செய்கின்றது.

வீட்டில் ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்க. கைப்பேசி பழுதுற்றாலும் மாற்றப்பெற்றாலும் அதன் பட்டியல் அதனோடு போய்விடக்கூடும். வேலைக்கு மனுச் செய்து நேர்காணல் அழைப்பை நோக்கியிருப்போர், நோயாளரை வைத்திருப்போர், சிறுவணிகம் நடத்துவோர் ஆகியோர்க்கு நாள், நேரம், எண், பெயர், திரும்ப அழைத்ததா இல்லையா என எழுதிவைக்கும் ஏடு இன்றியமையாதது. மருந்துக்கடைச் சிலேட்டின் நான்கு கட்டங்களை நினைவு கூர்க.

எட்டா அழைப்பின் துயரை முழுதும் அறிந்தவர் கடற்கரை மக்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊரினர் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர்பெற்றவர். அவர்தம் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவன. கரைக் கோபுரங்களின் அலையோ கடலில் நெடுந்தொலைவு செல்லாது. கரை கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்தில் கைப்பேசி பேச்சற்றதாகிவிடும். 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் ஒக்கி என்னும் புயல் குமரிக்கடலில் விரைந்து உருவாகியது. அதற்குச் சில நாள் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்க்கு எச்சரிக்கை சென்று சேர வழியில்லை. கரையில் இருந்தோர் அழைத்த அழைப்புகள் எட்டவில்லை. பலர் மீளவே இல்லை. காற்றால் அலைப்புண்ட படகுகள் சில இலட்சத்தீவிலும், மராட்டிய மாநிலக் கரையிலும் சென்று ஒதுங்கின.

நிலையத்தின் கணக்கேடு எவ்வளவு செம்மையாக இருப்பினும், உரியவர் அலைக்குள் திரும்பி வந்தால்தான் அது பயன்படும். புயலை அறிவிக்க அது போதாது. ஆதலின் வானத்துச் செயற்கைக்கோளின் துணையை நாடினர். 2019ஆம் ஆண்டில் ஜெமினி என்னும் கருவி மீனவர்க்கென அறிமுகம் செய்யப்பெற்றது. கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள படகும் வானிலை எச்சரிக்கையை அதனால் பெறலாம். ஆனால் அது கேட்கும், பேசாது. படகிலிருந்தும் செய்தி அனுப்பத்தக்க இருவழிக் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

ஆயினும் வீட்டில் இருப்போர் நாள்தோறும் விடுக்கும் அழைப்பு அக்கருவிகளுக்கு உரியது அன்று. அது கைப்பேசிக்கே செல்வது. எட்டாமல் நிலையத்தில் தங்குவது. பல நாள் கடலில் இருப்பவர்க்கு முதல் வாரத்துச் செய்திகள் காலம் கடந்து கழிந்துவிடக்கூடும். இதனை அறிந்தோர், படகு திரும்பும் நாளை எண்ணி, இன்றியமையாத செய்தியை அந்நாளையொட்டி மீண்டும் ஒரு முறை அனுப்புவது நன்று. படகு கரையை நெருங்க, அலை மெல்லத் தொடங்கும். உறையில் சுற்றி வைத்த கைப்பேசி தன் இருப்பை அறிவிக்கும். காத்திருந்த செய்திகள் வந்து விழும். அதே வேளையில் சில நிறுவனத்தார், நீங்கள் அழைத்த எண் இப்பொழுது தொடர்பில் உள்ளது என்னும் குறிப்பை அழைத்தவர்க்கும் அனுப்புகின்றனர். படகினர் எண்ணை அழுத்துமுன்னரே, அக்குறிப்பு கரையிலுள்ள வீட்டுக்குச் சென்றுவிடுகின்றது.